சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 - ஆகஸ்ட் 21, 1995) தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் கல்வி கற்று, அமெரிக்காவில் வாழ்ந்த வானியற்பியலாளர் ஆவார். விண்மீன்களின் அமைப்பு, அவற்றின் படிமலர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்காக 1983 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டார். வெண் குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று காட்டிய சந்திரசேகர் எல்லையே இவர் பெயரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

ஆனால் இவர் தம் வாழ்வின் நடுப்பகுதியில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளைச் செலவிட்டது பாய்மங்களின் இயக்கத்தை ஆராய்வதில் ஆகும். பாய்மம் கொந்தளிக்கும்போது அதன் போக்கை எந்த மாதிரி கொண்டு கணிப்பது, கீழிருந்து சூடாக்கப்படும் பாய்மம் எப்போது அசையத் தொடங்கும் ஆகிய இரு வினாக்களை அவர் எடுத்துக்கொண்டார். முதலாவதில் அவர் தோல்வியடைந்தார். இரண்டாவதில் அவர் கண்ட விடைகள் இன்றும் நிற்கின்றன. இக்கட்டுரை அந்தப் பகுதிக்குச் சற்றுக் கூடுதல் இடம் தருகிறது.

பிறப்பும் குடும்பமும்

சந்திரசேகர் அன்றைய பிரித்தானிய இந்தியாவில் லாகூர் நகரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். கருநாடக இசையில் ஈடுபாடு கொண்டு அதுபற்றி நூல் எழுதியவர். தாய் சீதாலட்சுமி, நோர்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துக் குழந்தைகளில் மூன்றாமவரான சந்திரசேகரே மூத்த மகன். இயற்பியலாளர் ச. வெ. இராமன் இவருடைய சிற்றப்பா.

குடும்பம் 1916 இல் லக்னோவுக்கும் 1918 இல் சென்னைக்கும் இடம்பெயர்ந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பெற்றோரிடமும் தனி ஆசிரியர்களிடமும் பயின்ற இவர், 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் படிக்க இவர் விரும்பினார். மகன் இந்தியக் குடிமைப் பணியில் சேரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். இறுதியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பு என முடிவாயிற்று. கணித வகுப்புகளுக்கும் இவர் விடாமல் சென்று வந்தார்.

சென்னைக்கு வந்த இரு செருமானியர்

1928 ஆம் ஆண்டு செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை முழுதும் கற்றிருந்த சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். அந்நூலில் உள்ள அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்றும் புதிய குவாண்டம் இயங்கியல் வந்துவிட்டது என்றும் சோமர்ஃபெல்டு எடுத்துரைத்தார். அந்தச் சந்திப்பின் பயனாகச் சந்திரசேகர் புதிய புள்ளியியலைக் கற்று எழுதிய கட்டுரை 1929 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிறைந்திருக்கவில்லை.

மறு ஆண்டு, 1929 அக்டோபரில், வெர்னர் ஐசன்பெர்க் சென்னைக்கு வந்தார். அவருக்கு நகரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு மாணவரான சந்திரசேகருக்குக் கிடைத்தது. இருவரும் ஒரு நாள் முழுதும் பேசும் வாய்ப்பைப் பெற்றனர். குவாண்டம் இயங்கியலுக்காகப் புகழ்பெற்ற ஐசன்பெர்க், 1923 இல் சோமர்ஃபெல்டிடம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் அணுவைப் பற்றியது அன்று. நீரோட்டம் எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதைப் பற்றியது. அதே பொருளில் இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய கொள்கை ஒன்றைச் சந்திரசேகர் கையில் எடுப்பார் என்று அன்று இருவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கேம்பிரிட்ஜ் ஆண்டுகள்

அரசு உதவித்தொகை பெற்று 1930 சூலை 31 அன்று மும்பையிலிருந்து கப்பலேறினார். தாய் அப்போது கடும் நோயுற்றிருந்தார். மகன் போகவேண்டும் என்று உறுதியாக நின்றவரும் அவரே. மறு ஆண்டு தாய் காலமானார். மகனால் வந்து பார்க்க இயலவில்லை.

கப்பல் பயணத்தின்போது வெண் குறுமீன்களைப் பற்றி இவர் செய்த கணக்கு புகழ்பெற்றது. குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண் குறுமீனாக நிலைபெற முடியாது என்பது அதன் முடிவு. அந்த எல்லை இன்று சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. கேம்பிரிட்ஜில் ஆர். எச். ஃபவுலரிடம் ஆய்வு செய்து 1933 இல் முனைவர் பட்டமும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் பெற்றார். 1935 சனவரி 11 அன்று அரச வானியல் கழகக் கூட்டத்தில் இவர் தம் முடிவைப் படித்தபின், அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அதை ஏளனம் செய்து மறுத்தார். இந்நிகழ்ச்சி பலராலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. சந்திரசேகர் அத்துறையில் தாம் சொல்ல வேண்டியதை 1939 இல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார்.

1936 இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தம்முடன் இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். 1937 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான் ஆய்வகத்தில் பணியேற்றார். அது விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரில் உள்ளது. இறக்கும் வரை சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் வெடிபொருள் ஆய்வுக் கூடத்தில் அதிர்ச்சி அலைகளைப் பற்றிய கணக்குகளைச் செய்தார்.

ஒரு துறையில் நுழைவது, சில ஆண்டுகள் அதில் மூழ்குவது, முழுமையான நூல் ஒன்றை எழுதுவது, பிறகு திரும்பிப் பாராமல் அடுத்த துறைக்குச் செல்வது என்பது இவருடைய வழக்கம். விண்மீன் அமைப்பு (1939), விண்மீன் கூட்டங்களின் இயக்கம் (1942), ஒளிக்கதிர்ப் பரிமாற்றம் (1950) ஆகியவை இவ்வாறு முடிந்தன. இவ்வழக்கத்துக்கு ஒரு விலக்கு உண்டு. கொந்தளிப்பைப் பற்றி அவர் நூல் எழுதவில்லை.

இயற்கை வெப்பச்சலனமும் கொந்தளிப்பும்

விசிறியோ எக்கியோ இன்றி, வெப்பநிலை வேறுபாட்டால் மட்டும் பாய்மம் தானே இயங்குவது இயற்கை வெப்பச்சலனம் எனப்படும். சூடான பகுதி விரிந்து இலேசாகி மேலெழும். குளிர்ந்த பகுதி கீழிறங்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிற்பகலில் வீசும் கடற்காற்று இதன் பேருருவம்: நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழுகிறது, அவ்விடத்தை நிரப்பக் கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று வருகிறது. சூரியனின் மேற்பரப்பில் காணப்படும் மணிமணியான தோற்றமும் இதே இயக்கத்தின் விளைவே.

இயக்கம் மெதுவாக உள்ளவரை பாய்மம் சீராகச் செல்லும். பள்ளி நூல்கள் இதை வரிச்சீர் ஓட்டம் என்கின்றன. வேகம் மிகும்போது சுழிகளும் சுழிகளுக்குள் சுழிகளுமாக ஒழுங்கற்றுப் போவது கொந்தளிப்பு. பொறியியல் மாணவர் டர்புலன்ஸ் என வழங்குவது இதுவே. பாய்மத்தின் இயக்கச் சமன்பாடுகள் 19 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டவை. எனினும் கொந்தளிப்பின் சராசரி நிலையை அவற்றிலிருந்து பெற முயன்றால், தீர்க்கவேண்டிய கணியங்கள் எப்போதும் சமன்பாடுகளைவிட ஒன்று கூடுதலாகவே நிற்கும். அந்த இடைவெளியை ஏதேனும் ஓர் ஊகத்தால் நிரப்பியாக வேண்டும். அந்த ஊகமே கொந்தளிப்பு மாதிரி.

இவ்வகை ஊகங்களில் பழமையானது பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூசினெஸ்க் 1877 இல் முன்வைத்தது. சுழிகள் பாய்மத்தின் பாகுநிலையைக் கூட்டுவதுபோல் செயல்படுகின்றன என அவர் கொண்டார். பாய்மத்தின் அடர்த்தி மாற்றத்தை மிதப்பு விசையில் மட்டும் கணக்கில் கொண்டு மற்ற இடங்களில் புறக்கணிக்கலாம் என்னும் எளிமையாக்கமும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே இயற்கை வெப்பச்சலனத்தைக் கணினியில் கணிக்கும் ஒருவர் பூசினெஸ்க் பெயரை இரண்டு இடங்களில் சந்திக்க நேரிடும். இரண்டும் வெவ்வேறு கருத்துகள் என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். 1925 இல் லுட்விக் பிரான்டில் சுழி ஒன்று கலந்து மறையுமுன் செல்லும் தொலைவை அளவாகக் கொண்ட மாதிரியைத் தந்தார். விண்மீன்களின் உட்புற வெப்பச்சலனத்துக்கு நெடுங்காலம் பயன்பட்டது இதன் வழிவந்த கணக்குமுறையே. ஆனால் அந்தத் தொலைவு எவ்வளவு என்பதைக் கொள்கை சொல்வதில்லை. கணிப்பவரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஐசன்பெர்க் மாதிரி

1940களின் இறுதியில் சந்திரசேகர் கொந்தளிப்பு ஆய்வில் இறங்கினார். விண்மீன்களின் வளிமண்டலமும் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிமமும் கொந்தளிக்கின்றன என்பதால் வானியலுக்கு இத்துறை இன்றியமையாதது என அவர் கருதினார். 1949 இல் அமெரிக்க வானியல் கழகத்தின் இரசல் விரிவுரையை வழங்க அழைக்கப்பட்டபோது கொந்தளிப்பையே பொருளாக எடுத்துக்கொண்டார்.

அன்று அவர்முன் இருந்த கொள்கைகளில் உருசியக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் 1941 இல் வெளியிட்டது ஒன்று. பெருஞ்சுழிகள் உடைந்து சிறுசுழிகளாகி, ஆற்றல் படிப்படியாகக் கைமாறி, இறுதியில் மிகச்சிறு சுழிகளில் பாகுநிலையால் வெப்பமாக மாறுகிறது என்பது அதன் சாரம். மற்றொன்று ஐசன்பெர்க்குடையது. போர் முடிந்ததும் செருமானிய அணு அறிவியலாளர்கள் சிலரோடு அவர் இங்கிலாந்தில் காவலில் வைக்கப்பட்டார். அங்கு அவரும் வைசேக்கரும் கொந்தளிப்பை ஆராய்ந்தனர். ஒவ்வொரு சுழிக்கும் அதனினும் சிறிய சுழிகள் அனைத்தும் சேர்ந்து பாகுநிலைபோல் அமைகின்றன என்று கொண்டு, ஐசன்பெர்க் 1948 இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். பூசினெஸ்க் ஒரே அளவாகக் கொண்டதை இவர் சுழியின் அளவுக்கேற்ப மாறுவதாக்கினார் எனலாம்.

சந்திரசேகர் இந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதன் சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டு 1949 இல் வெளியிட்டார். கணித முறையில் அது அழகிய பணி. எனினும் அதில் அவர் நிறைவு காணவில்லை. சுழிகள் பாகுநிலைபோல் செயல்படும் என்பது சமன்பாடுகளிலிருந்து வந்தது அன்று, ஒப்புமையால் ஊகித்தது. ஊகமே இல்லாத அல்லது மிகக் குறைந்த ஊகம் மட்டும் உள்ள கொள்கை ஒன்றை அவர் நாடினார்.

அவரது சொந்தக் கொள்கை

1955 இல் இலண்டன் அரச கழக இதழில் கொந்தளிப்புக் கொள்கை ஒன்றை அவர் வெளியிட்டார். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் உள்ள திசைவேகத்துக்கும் வேறிடத்தில் வேறொரு நேரத்தில் உள்ள திசைவேகத்துக்கும் இடையேயான தொடர்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார். சமன்பாடுகளை மூடுவதற்கு அவர் கையாண்ட ஊகம் ஒன்றே: நான்கு திசைவேகங்களின் பெருக்கச் சராசரியை, இயல்புப் பரவலில் உள்ளதுபோலவே, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதலாம் என்பது. உருசியாவில் மில்லியன்ஷிகோவ் 1941 இல் இதைப் பயன்படுத்தியிருந்தார்.

இந்த ஊகம் தீங்கற்றதாகவே தோன்றியது. ஆனால் 1957 இல் இராபர்ட் கிரைக்னன் என்னும் இளம் ஆய்வாளர் இது தன்னுள்ளேயே முரண்படுகிறது என்று சுட்டிக்காட்டினார். 1960களின் தொடக்கத்தில் இவ்வூகத்தைக் கணினியில் இட்டுப் பார்த்தவர்கள், சில அளவுச் சுழிகளுக்கு ஆற்றல் சுழியத்துக்குக் கீழே சென்றுவிடுவதைக் கண்டனர். இயக்க ஆற்றல் எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. கொள்கை அத்துடன் முடிந்தது. கிரைக்னன் இத்தடையைக் கடக்க உருவாக்கிய கொள்கை பின்னாளில் இத்துறையின் போக்கையே மாற்றியது. எடிங்டன் விவகாரத்தில் சந்திரசேகர் சரி, எதிர்த்தவர் தவறு, இங்கு அவ்வாறில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கங்கள் பலவும் இப்பகுதியை விட்டுவிடுகின்றன. இது சரியன்று, பின்வந்த கொள்கைகள் எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பதை இத்தோல்வியே காட்டியது.

1950களின் பிற்பகுதியில் அவர் கொந்தளிப்பிலிருந்து விலகினார். 1954 இல் அவர் நடத்திய தொடர் விரிவுரைகள் அச்சேறாமலே கிடந்தன.

வெப்பச்சலனம் தொடங்கும் இடம்

கொந்தளிப்பு ஆய்வு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் மற்றொரு வினாவையும் எடுத்துக்கொண்டார். கொந்தளிக்கும் பாய்மத்தைக் கணிக்க ஊகம் வேண்டும். அசையாமல் உள்ள பாய்மம் எந்தக் கணத்தில் அசையத் தொடங்கும் என்று கேட்டால் ஊகம் எதுவும் வேண்டியதில்லை. சமன்பாடுகளே விடை தரும்.

1900 இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பெனார் மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கி, அது தேனடைபோல் அறுகோண அறைகளாகப் பிரிவதைக் கண்டார். 1916 இல் ரேலி பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஈர்ப்பு முடுக்கம், வெப்ப விரிவெண், மேல்-கீழ் வெப்பநிலை வேறுபாடு, படலத் தடிப்பின் மும்மடி ஆகியவற்றைப் பெருக்கி, பாகுநிலையும் வெப்பப் பரவுதிறனும் பெருகிய தொகையால் வகுத்தால் கிடைப்பது ரேலி எண். மேலும் கீழும் திண்மத் தகடுகள் இருக்குமாயின் இவ்வெண் 1708 ஐத் தாண்டும்போது வெப்பச்சலனம் தொடங்கும். இரு பக்கமும் தடையற்ற பரப்பாகக் கொண்டால் 657.5. அதற்குக் கீழே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பாய்மம் அசையாது. வெப்பம் கடத்தல் மூலமாகவே செல்லும். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள நீர்ப்படலத்துக்கு இவ்வெல்லை ஏறத்தாழ பத்தில் ஒரு பாகை வேறுபாட்டிலேயே வந்துவிடும். தடிப்பு ஒரு மில்லிமீட்டராகக் குறைந்தால் தேவைப்படும் வேறுபாடு ஆயிரம் மடங்காகும்.

சந்திரசேகர் இக்கணக்கில் காந்தப்புலத்தையும் சுழற்சியையும் சேர்த்தார். சூரியப் புள்ளிகள் ஏன் கருமையாக உள்ளன என்பதற்கு, அங்குள்ள வலிய காந்தப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது என்று பியர்மன் 1941 இல் கருத்துரைத்திருந்தார். மின்கடத்தும் பாய்மத்தில் காந்தப்புலம் எவ்வளவு தடை செய்யும் என்பதைச் சந்திரசேகர் 1952 இல் கணக்கிட்டார். மறு ஆண்டு, சுழலும் பாய்மத்துக்கும் இதையே செய்தார். சுழற்சியும் வெப்பச்சலனத்தைத் தாமதப்படுத்துகிறது. பாதரசம் போன்ற பாய்மங்களில் அது சீராகத் தொடங்காமல் முன்னும் பின்னும் ஊசலாடித் தொடங்கும் என்பது எதிர்பாராத முடிவு.

இவை ஏட்டளவில் நிற்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழக வானிலையியல் துறையில் டேவ் ஃபுல்ட்ஸ் நடத்திவந்த ஆய்வுக்கூடத்தில் அவரும் நாககாவாவும் பாதரசத்தைச் சுழலும் கலத்தில் இட்டுச் சூடாக்கினர். முன்னறிந்த ஊசலாட்டம் 1955 இல் காணப்பட்டது. காந்தப்புலச் சோதனைகளை நாககாவா செய்தார். பிறகு அவற்றை விரிவாக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய சைக்ளோட்ரான் ஒன்றின் காந்தம் சீரமைக்கப்பட்டுப் பயன்பட்டது. கணக்கும் அளவீடும் ஒத்துப்போயின. இதே காலத்தில் என்ரிக்கோ ஃபெர்மியுடன் கிழமைதோறும் உரையாடி, விண்மீன் மண்டலக் கைகளில் உள்ள காந்தப்புலம் பற்றி 1953 இல் இருவரும் கட்டுரைகள் வெளியிட்டனர்.

டோனா எல்பர்ட்

மேற்கூறிய எண்கள் ஒவ்வொன்றும் நீண்ட கைக்கணக்கின் பயன் ஆகும். அக்கணக்குகளைச் செய்தவர் டோனா எல்பர்ட் (1928 - 2019). வில்லியம்ஸ் பேயில் வளர்ந்த இவர் 1948 இல் சந்திரசேகரிடம் கணக்காளராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். மேசைக் கணக்குப்பொறி ஒன்றே அவருடைய கருவி. இருவர் பெயரிலும் பல கட்டுரைகள் வந்துள்ளன. மற்றவற்றில் அவர் பெயர் நன்றியுரையிலும் அடிக்குறிப்பிலும் காணப்படும்.

சுழற்சியும் காந்தப்புலமும் ஒருங்கே இருக்கும்போது நிகழ்வது அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று. இரண்டும் தனித்தனியே வெப்பச்சலனத்தைத் தடுப்பவை. ஆனால் இரண்டும் குறிப்பிட்ட அளவுகளில் சேரும்போது, முற்றிலும் வேறுபட்ட அகலமுடைய இருவகை ஓட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க முடியும். புவியின் உருகிய இரும்புக் கருவத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. 2022 இல் ஓர்ன், அவுர்னோ என்னும் ஆய்வாளர்கள் இப்பகுதிக்கு எல்பர்ட் வீச்சு என்று பெயரிட்டனர்.

1961 ஆம் ஆண்டு நூல்

பாய்மங்களின் நிலைப்புத் தன்மை பற்றிய அவருடைய பெருநூல் 1961 இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்தது. அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இந்நூலில் சூடாக்கப்பட்ட படலம், சுழலும் உருளைகளுக்கு இடையிலான ஓட்டம், கனமான பாய்மம் இலேசான பாய்மத்தின் மேல் நிற்பது எனப் பல நிலைகள் ஒரே முறையில் ஆராயப்பட்டுள்ளன. அட்டவணைகள் நிறைந்த நூல் இது. தொடக்கநிலை மாணவர்க்குக் கடினமாகத் தோன்றலாம். எனினும் முதல் சில இயல்களைப் பொறுமையாகப் படிப்பவர்க்கு மற்றவை தாமே திறக்கும். அடுத்த ஆண்டு அரச கழகம் இவருக்கு அரச பதக்கத்தை வழங்கியபோது, பாய்மங்களின் வெப்பச்சலன நிலைப்பு பற்றிய ஆய்வுகளையே சிறப்பாகச் சுட்டியது.

அவர் கைவிட்ட ஐசன்பெர்க் மாதிரி முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவருடைய நண்பர் மார்ட்டின் சுவார்சுசைல்டு 1957 இல் பலூனில் தொலைநோக்கியை அனுப்பிச் சூரிய மேற்பரப்பைத் தெளிவாகப் படமெடுத்தார். லெடூ, சுவார்சுசைல்டு, சுபீகல் ஆகிய மூவரும் 1961 இல் அதே மாதிரியைக் கொந்தளிக்கும் வெப்பச்சலனத்துக்கு ஏற்றவாறு விரித்தனர்.

இன்றைய கணிப்புகளில்

இயற்கை வெப்பச்சலனத்தைக் கணினியில் கணிப்போர் இன்றும் அதே தேர்வை எதிர்கொள்கின்றனர். புதுச்சேரியில் பிற்பகல் வெயில் படும் சுவரின் உட்பக்கம் அறைக் காற்றைவிட 5 பாகை சூடாக உள்ளது எனக் கொள்வோம். சுவர் 3 மீட்டர் உயரமாயின் ரேலி எண் ஆயிரம் கோடியைத் தாண்டும். செங்குத்துச் சுவரையொட்டிய ஓட்டம் சுமார் நூறு கோடியிலேயே கொந்தளிக்கத் தொடங்கும் என்பதால் இங்குக் கொந்தளிப்பு மாதிரி தேவைப்படும்.

பலரும் முதலில் எடுப்பது 1970களில் உருவான கே-எப்சிலான் மாதிரியை. அது பூசினெஸ்க்கின் சுழிப்புப் பாகுநிலைக் கருத்தின் மீது நிற்பது. காற்று விசையுடன் செலுத்தப்படும் இடங்களில் அது நன்கு பயன்படுகிறது. இயற்கை வெப்பச்சலனத்தில் இரு இடர்கள் உள்ளன. சுவரருகே வேகம் எவ்வாறு மாறுகிறது என்று அதில் வழக்கமாகச் சேர்க்கப்படும் வாய்பாடு, செலுத்தப்பட்ட ஓட்டங்களை அளந்து பெற்றது. மிதப்பு விசையால் எழும் ஓட்டத்துக்கு அது பொருந்துவதில்லை. எனவே சுவர் வரை நுண்ணிய வலையமைத்துக் கணிக்கும் மாதிரிகளே ஏற்றவை. மற்றது இன்னும் ஆழமானது. வெப்பநிலைச் சரிவு உள்ள இடத்தில்தான் வெப்பம் செல்லும் என இம்மாதிரி கொள்கிறது. கீழிருந்து சூடாக்கப்பட்டுக் கொந்தளிக்கும் படலத்தின் நடுவில் சராசரி வெப்பநிலைச் சரிவு ஏறத்தாழ சுழியம்; ஆனால் வெப்பம் எழும்பும் கொழுந்துகள் வழியே முழு அளவில் சென்றுகொண்டிருக்கும். இத்தகைய இடங்களில் பெருஞ்சுழிகளை நேரடியாகக் கணித்துச் சிறுசுழிகளை மட்டும் மாதிரியால் நிரப்பும் முறை மேலானது. அதற்குக் கணினி நேரம் பலமடங்கு செலவாகும். சிறுசுழிகளைப் பாகுநிலையாகக் கொள்ளும் இம்முறையில் ஐசன்பெர்க்கின் கருத்தின் சாயலைக் காணலாம்.

புதிதாக எழுதிய கணிப்பு நிரல் ஒன்றைச் சோதிக்க, மாதிரி எதுவும் சேர்க்காமல், 1708 இல் வெப்பச்சலனம் தொடங்குகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். காந்தப்புலமோ சுழற்சியோ உள்ள கணிப்புகளுக்கு 1961 ஆம் ஆண்டு நூலின் அட்டவணைகள் அவ்வாறே உரைகல்லாகின்றன.

பிற்காலம்

1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்து, அதை உலகின் முதன்மை இதழாக்கினார். 1953 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தந்தைக்கு அது வருத்தம் அளித்தது. பின்னர் சுழலும் நீள்கோளங்கள் (1969), கருந்துளைகள் (1983) பற்றி நூல்கள் எழுதினார். நியூட்டனின் நூலுக்கு அவர் எழுதிய விளக்கம் அவர் மறைந்த 1995 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் (1966), பத்ம விபூசண் (1968), கோப்ளி பதக்கம் (1984) ஆகியன பிற சிறப்புகள். 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மாரடைப்பால் காலமானார். மனைவி லலிதா 2013 இல் தம் 102 ஆம் வயதில் மறைந்தார்.

1999 சூலையில் நாசா விண்ணில் செலுத்திய எக்ஸ்-கதிர் வான் ஆய்வகத்துக்குச் சந்திரா எனப் பெயரிடப்பட்டது. 1954 ஆம் ஆண்டின் கொந்தளிப்பு விரிவுரைகளை எட்வர்டு சுபீகல் பதிப்பித்து 2011 இல் நூலாக வெளியிட்டார். சந்திரசேகர் எழுதாது விட்ட நூலின் இடத்தில் இன்று அதுவே உள்ளது.